மீசை முளைக்காத மகனுக்கு டானிக் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் தோட்டத்துக்கே தெரியும். பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டி விடுகிறோம். பையனுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அதனால் உயரம், குரல், மீசை மூன்றையும் பார்த்து ஊர் தீர்ப்புச் சொல்கிறது. மூன்றுமே பருவம் தொடங்கி வெகுநாள் கழித்து வருபவை.

பையன்களுக்குப் பருவம் தொடங்கும் இயல்பான வயது 9 முதல் 14 வரை. இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்றில் ஒரே மேசையில் உட்காரும் இருவரில் ஒருவனுக்குக் குரல் உடைந்திருக்கும். மற்றவன் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு முகத்தோடே வந்து போவான். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

முதல் அறிகுறி வெளியே தெரியாது. விதைப்பைக்குள் இருக்கும் விதைகள் பெரிதாகத் தொடங்குவதுதான் அது: நீளம் இரண்டரை செண்டிமீட்டர், கொள்ளளவு 4 மில்லிலிட்டர். இதை ஒப்பிட்டுப் பார்க்க, 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை அளவு பொறித்த மணிகளை மாலையாகக் கோத்து டாக்டர்கள் வைத்திருப்பார்கள். சுவிட்சர்லாந்து மருத்துவர் பிராடர் வகுத்தது. உயரம் கிடுகிடுவென ஏறுவது விதை 10, 12 மில்லிலிட்டர் ஆகும்போதுதான். தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருக்கும். அந்த உச்ச வருடத்தில் 9, 10 செண்டிமீட்டர் வளர்வான். அதற்கு முன்பு வருடத்துக்கு 5 செண்டிமீட்டர் அளவுதான், பருவம் தொடங்கப் போகும் நேரத்தில் அதுவும் குறையும். "பையன் வளர்த்தியே நின்னு போச்சு" என்று அம்மாக்கள் பயப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேகம் பருவத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால், ஆறாம் ஆண்டு வகுப்புப் படத்தில் அவர்கள்தான் பின்வரிசையில் நிற்பார்கள். மீசையோ, மேலுதட்டின் இரண்டு ஓரத்திலும் அரும்பி, பிறகே நடுவுக்கு வரும்.

இடையில் வரும் ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பையன்களில் பாதிப் பேருக்காவது மார்க்காம்புக்கு அடியில் காசு அளவில் ஒரு கட்டி தடித்து வலிக்கும். உடற்கல்வி நேரத்தில் சட்டை மாற்ற மறுப்பவனுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கும், பிதுக்கக் கூடாது. தூக்கத்தில் விந்து வெளியாவதும் இயல்பே. அதை 'நரம்புத் தளர்ச்சி' என்று பயமுறுத்தி மருந்து விற்பவர்களின் விளம்பரத்தைப் பத்திரிகைகள் போடாமல் இருந்தால் புண்ணியம்.

தாமதத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் பரம்பரை. அப்பா எந்த வயதில் சவரம் செய்யத் தொடங்கினார், அம்மா எந்த வயதில் பெரிய மனுஷி ஆனார் என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும். இத்தகைய பையனின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தால், 14 வயதுக்காரனின் எலும்பு 12 வயதைக் காட்டும். வளர இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். மீசைக்கும் வளர்ச்சிக்கும் என்று விற்கும் சில டானிக்குகளும் பவுடர்களும் அந்த இடத்தைத்தான் பறிக்கின்றன. ஆண் ஹார்மோன் கலந்த சரக்கானால் முடி முளைக்கும், தசை ஏறும், கொஞ்ச நாள் உயரமும் கூடும். ஆனால் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும். பிறகு எதைக் கொடுத்தாலும் உயராது. இரவுச் சந்தையில் வாங்கும் மருந்துப் புட்டியில் 'எம்.ஏ.எல்' (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே உயரம் பார்க்கலாம். காலணி இல்லாமல், குதிகாலும் புட்டமும் சுவரில் பட, முகம் நேராக நிற்கவைத்து, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் ஆள் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் குறைவார், ஆகவே எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியைவிட அளவுப் பிழைதான் அதிகம் தெரியும்.

14 வயது முடிந்தும் விதை பெரிதாகவில்லையா, தொடங்கிய வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டதா, அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். விதை பைக்குள் இறங்கவில்லை என்றால் எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம். தாளிக்கும் வாசனையோ சாம்பிராணி மணமோ தெரியாத பையனென்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். மணம் அறியாமையோடு பருவமும் வராத பிறவிக் குறை ஒன்று உண்டு.

9 வயதுக்கு முன்பே மறைவிடத்தில் முடியும், உடம்பில் வியர்வை நாற்றமும் வந்தால் "சீக்கிரம் ஆம்பளை ஆகிட்டான்" என்று மகிழ்வதற்கில்லை. பையன்களில் இதற்குப் பின்னால் மூளையிலோ சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ கோளாறு இருக்கக்கூடும். அந்த மாதமே காட்ட வேண்டும்.

போகும்போது தாய் தந்தை இருவரின் உயரம், உங்கள் சுவர்க்கோட்டுக் கணக்கு, பள்ளிச் சுகாதாரப் பதிவேடு இருந்தால் அது, மூன்றையும் கொண்டு போங்கள். ஹார்மோன் ரத்தப் பரிசோதனை சொன்னால் காலை எட்டு மணி வாக்கில் போக வேண்டும். மதியத்துக்குள் அளவு இறங்கிவிடும்.

பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 15 வயதுக்குட்பட்டோர் பந்துக் குழுவில் இன்று எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடுபவன் இரண்டு வருடம் முந்திக்கொண்டவனாக இருக்கலாம். நீங்கள் பட்டியலிலிருந்து அடித்த பொடியன் படிவம் ஐந்தில் அவன் தோளுக்குச் சமமாக நிற்பான். அதுவரை அவனை மாற்று ஆட்டக்காரனாகவாவது வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பள்ளிச் சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்