கையெழுத்து அவளுடையது, நன்றி அவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் சில வருடம் கணக்கு பார்த்தேன். ஒருமுறை என்னோடு படித்த தோழி, தன் சம்பளத்தில் சேர்த்த பணத்துக்கு ஒரு காசோலை கொடுத்தாள். வங்கிக் கணக்கு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது, ஆனால் நன்றிக் கடிதம் அவள் கணவர் பெயருக்குப் போயிற்று, அந்த மனிதர் எங்கள் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை! அலுவலகத்தில் கேட்டால், "வீட்டுக்கு ஒரு கடிதம்தானே மேடம், கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஏறியிருக்கு" என்றார்கள். அவள் சண்டை போடவில்லை. அடுத்த வருடம் காசோலை வரவில்லை, அவ்வளவுதான்.

உயர்கல்விக்குப் பெண்கள் கொடுக்க முன்வருவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். அவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதுவும் நூற்றாண்டுக் கணக்கில். கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியை 1505-இல் நிறுவியவர் ஏழாம் ஹென்றி மன்னரின் தாய் மார்கரெட் போஃபோர்ட்; அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல். ஹார்வர்டில் ஏழை மாணவர்களுக்கான முதல் உதவித்தொகைக்கு 1643-இல் 100 பவுண்டு கொடுத்தவர் லண்டனைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற விதவை. ஹார்வர்டுக்கு முதல் பெண் தலைவராக டிரூ ஃபாஸ்ட் வந்தது 2007-இல். கழித்துப் பாருங்கள், 364 வருடம்.

பணத்தை வாங்கிக்கொள்வதற்கும் நாற்காலி கொடுப்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும்போது, கும்பிட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது சரியா? அதனால்தான் எனக்கு மேரி காரெட்டைப் பிடிக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மருத்துவப் பள்ளி தொடங்கப் பணமில்லாமல் திண்டாடியபோது, அவரும் தோழிகளும் ஊர் ஊராகப் பெண்கள் குழு அமைத்து 1890-இல் ஒரு லட்சம் டாலர் திரட்டினார்கள், ஆண்களைச் சேர்க்கும் அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிர்வாகம் இழுத்தடித்தது, ஐந்து லட்சம் இல்லாமல் பள்ளியைத் திறக்க முடியாது என்றது. சரி என்று காரெட், அதற்குள் குழுவின் நிதியில் மேலும் சேர்ந்திருந்தது போக, தன் சொந்தப் பணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் போட்டு மிச்சத்தை அடைத்தார், கூடவே சேர்க்கைத் தகுதியையும் உயர்த்தச் சொன்னார்: பட்டப்படிப்பு, அறிவியல் பாடங்கள், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் வேண்டும். அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லரே, நல்லவேளை நாம் பேராசிரியராக உள்ளே வந்தோம், மாணவராக என்றால் இடமே கிடைத்திருக்காது என்று வேடிக்கையாகச் சொன்னாராம். 1893-இல் முதல் வகுப்பில் சேர்ந்த 18 பேரில் 3 பேர் பெண்கள்.

இது பணக்காரி கதை, மாதச் சம்பளக்காரி என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பினப் பெண், வாழ்நாள் முழுக்க ஊரார் துணியைத் துவைத்துச் சேர்த்த பணத்திலிருந்து 1,50,000 டாலரை 1995-இல் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்கு எழுதி வைத்தார். ஒரே ஆளால் முடியாவிட்டால் கூடப் படித்த பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைக்கலாம். வைக்கும்போதே கேட்டுவிட வேண்டும்: மாணவிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எங்களில் ஒருவர் இருப்பார், வருடா வருடம் கணக்கு எங்களுக்கு வரவேண்டும். கொடுத்தபின் கேட்டால் தலைவலி என்பார்கள், கொடுக்குமுன் கேட்டால் நிபந்தனை.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாகத்தில் பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கிறோம் என்கிறீர்கள், எந்த இடம் என்று பார்த்தால் விடுதிக் குழு, மகளிர் தின விழா, நன்றியுரை. நிதிக் குழுவிலும் பேராசிரியர் நியமனக் குழுவிலும் எத்தனை பேர்? அமெரிக்காவின் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு 2024-இல் 100 கோடி டாலர் கொடுத்து அத்தனை மாணவர்களுக்கும் கல்விக் கட்டணமே இல்லாமல் செய்த ரூத் காட்டெஸ்மேன், அங்கேயே பேராசிரியராக வேலை பார்த்தவர், கொடுத்தபோது அறங்காவலர் குழுவின் தலைவர். கல்லூரிக்குத் தன் பெயரை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் பணம் எங்கே போகவேண்டும் என்று தெரியும்.

இந்தக் கடிதத்தைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். "என் பேரைப் போட்டுவிடாதே" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கம்ப்யூட்டரில் பேரை மாற்றிவிட்டார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி