நகல் ஸ்போர்ட்ஸ் கார் கட்ட எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் நகல்களைத் தாமே கட்டி ஓட்ட விரும்பும் புதுச்சேரி, கடலூர் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர்களுடைய ஆர்வத்தைப் பாராட்டிய கட்டுரையாளர், எந்த வண்டியை நகலெடுப்பது என்பதை அழகு பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டார். வெளித்தோற்றத்தைவிட, உள்ளே இருக்கும் எஞ்சின், ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் தண்டு), சேசிஸ் (அடிச்சட்டம்) ஆகியவை நம் ஊரில் கிடைப்பவற்றோடு ஒத்துப்போகுமா என்று பார்த்தே மூல வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது, முதுநகரில் பைபர் படகு வேலை பார்க்கும் என் கருத்து.

பலரும் முதலில் ஆசைப்படுவது கோப்ராவுக்குத்தான். இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் என்ற சிறிய வண்டிக்குள் அமெரிக்கரான கரோல் ஷெல்பி எட்டு சிலிண்டர் கொண்ட ஃபோர்டு வி8 எஞ்சினைப் புகுத்தியதால் 1962-இல் பிறந்த வண்டி அது. பழைய வி8 எஞ்சின் எளிதில் கிடைக்கும் அமெரிக்காவில் அதன் நகல்கள் பெருகியதில் வியப்பில்லை. நம் காயலான் கடைகளில் அப்படி ஓர் எஞ்சின் கிடைக்காது. நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து அந்த அகன்ற உடலை மூடினால் பார்வைக்கு இருக்குமே தவிர, ஓட்டுவதில் கோப்ரா எதுவும் மிஞ்சாது. ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார்களான போர்ஷே 356, 550 ஸ்பைடர் நகல்களுக்கு வெளிநாட்டினர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ற சிறிய காரின் அடித்தளத்தையே நம்புகிறார்கள். பீட்டிலின் முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 2,400 மி.மீ.; போர்ஷேயில் 2,100 மி.மீ. ஆகவே நடுவில் 30 செ.மீ. வெட்டி எடுத்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். பீட்டில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டதே இல்லை என்பதால் அந்தப் பேச்சை இதோடு விடலாம்.

கட்டுரையில் ஓர் இளைஞர், பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை வாங்கி டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காராக மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். எண்ணம் கெட்டிக்காரத்தனமானது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்கும், இங்கிலாந்தில் 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயருக்கும் வடிவம் கொடுத்தவர் ஒரே ஆள், இத்தாலியரான மிக்கேலோட்டி. ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே உருவாக்கினார்கள். ஆனால் குட்டையாக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஹெரால்டில் இருபுறமும் ஓடும் வெளிச் சட்டங்களை நீக்கிவிட்டு, அந்த வலுவைக் கதவுக்குக் கீழேயுள்ள இரும்புப் பெட்டிப் பகுதிக்கு, அதாவது உடலுக்கே, மாற்றினார்கள். இதை அறியாமல் சேசிஸை வெட்டி மேலே பைபர் உடலை உட்கார வைத்தால், மேடு பள்ளத்தில் வண்டி நடுவில் வளைந்து கொடுக்கும். கதவு ஒருநாள் மூடும், ஒருநாள் மூடாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 50 ஆண்டு கடந்த, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளையே விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது. ஹெரால்டுகள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டியவை; சேசிஸை வெட்டிவிட்டால் அந்தப் பதிவுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் பிறந்த, இன்று அரிதாகிவிட்ட ஒரு வண்டியை அறுத்து இன்னொன்றின் சாயலைச் செய்வது, என்னைக் கேட்டால், பாவம்.

நான் பரிந்துரைப்பது லோட்டஸ் செவன் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த இந்த வண்டி, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகையிலும் விற்கப்பட்டது; அப்படி வாங்கினால் அன்றைய பிரிட்டனில் விற்பனை வரி கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் தட்டையான அலுமினியத் தகடு, முன்னால் எஞ்சின், பின்னால் சாதாரண ஆக்சில் என்ற அளவில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வளைந்த தகடு மிகக் குறைவு என்பதால் நல்ல வெல்டரும் டிங்கரும் இருந்தால் போதும். முதல் செவனில் இருந்த 1,172 சிசி ஃபோர்டு எஞ்சினின் திறன் 40 குதிரைத் திறனுக்குள்தான். மாருதி ஆம்னியின் 796 சிசி எஞ்சினும் அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. மேலும் ஆம்னியில் எஞ்சின் நீளவாக்கில் அமைந்து, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட சுழல்தண்டு வழியாகப் பின்சக்கரங்களை ஓட்டுகிறது. முன்சக்கரங்களை ஓட்டும் மாருதி 800-இல் இந்த வசதி கிடையாது. ஆம்னி அரிய வண்டியும் அல்ல. ஒன்றைப் பிரித்துப் போட்டால் யாரும் வருந்தப்போவதில்லை.

நம் கடற்கரைக்கு ஓர் எச்சரிக்கை. அலுமினியத் தகட்டை இரும்புக் குழாயோடு நேரடியாக ரிவெட் அடித்தால், உப்புக் காற்றில் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். இடையில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) தடவியே அடிக்க வேண்டும். மூக்குப் பகுதியையும் மட்கார்டுகளையும் பைபரில் செய்யலாம், 1960-இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனிலும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்திலும் தேங்காய்த்திட்டிலும் படகுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ரெசின் (இறுகும் பிசின்) உருட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். படகில் பழகிய கை தடிமனாகப் போட்டுவிடும் என்பதையும், ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சை ஒட்டி ரோவிங் (தடித்த இழை நெசவு) வைத்து அவசரமாக மோல்டிலிருந்து எடுத்தால் சில நாள் வெயிலிலேயே அதன் நெசவு பெயிண்டின் மேல் தெரிந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இத்தனை செய்தும் அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியுமா என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே ஆம்னியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு செவனை ஓட்டுவது சட்டமீறல். புதிய வண்டியாகப் பதிவு செய்வதென்றால், தயாரிப்பாளர்கள் தம் மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்துச் சான்று பெறும் வழிதான் இருக்கிறது. வீட்டில் ஒரேயொரு வண்டி கட்டுபவருக்கு அது கட்டுப்படியாகாது. பிரிட்டனில் தனி ஆள் கட்டிய ஒற்றை வண்டியையும் சோதித்துப் பதிவு செய்ய நடைமுறை உள்ளது. அமெரிக்கா 2015-இல் இயற்றிய சட்டம், 25 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களின் நகல்களைச் சிறு நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 325 வரை செய்ய இடமளிக்கிறது. இங்கே இப்போதைக்கு இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களில் ஓட்டுவதற்கென்று மட்டுமே நகல் வண்டியைக் கட்ட முடியும்.

எனவே, தனி ஆள் கட்டும் வண்டியைச் சோதித்துப் பதிவு செய்வது பற்றிப் புதுச்சேரி, தமிழ்நாடு போக்குவரத்துத் துறைகளின் விளக்கத்தைக் கேட்டு வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். இளைஞர்கள் குழாயும் தகடும் வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த விளக்கம் வருவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கடலூர் முதுநகர்.