அண்டாவோடு வந்த அம்மாவுக்கு

அன்புள்ள ஊர்மக்களுக்கும், வளைகுடாவிலும் வெளியூரிலும் இருந்து விடாமல் போன் போட்டு விசாரித்த சொந்தங்களுக்கும் சமுதாயக்கூடக் கட்டுமானக் குழுவின் வணக்கம்.

நம் புதிய சமுதாயக்கூடத்துக்கு, கட்டடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் கான்கிரீட்டை நேற்று சாயங்காலம் போட்டு முடித்தாயிற்று. மழையும் ஒதுங்கித் தந்தது. இந்த நேரத்தில் நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவ வரும் அந்த அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுவரும் வாசலும் எங்கே வரும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த அன்று காலை, யாரும் கூப்பிடாமலே, 150 லிட்டர் அண்டா ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூட வேலை செய்யும் பெண் ஒரு காதைப் பிடிக்க, இவர் மறு காதைப் பிடிக்க, சமையற்கட்டிலிருந்து பந்திக்கூடத்துக்குக் கோட்டுக்குள்ளேயே நடந்து காட்டினார்கள். வாசலுக்கு விட்டிருந்தது 3 அடி. அண்டா மட்டுமே காதோடு இரண்டே முக்கால் அடி. இரண்டு பக்கமும் ஆள் நின்றால் 5 அடி தாண்டிவிடும். சமையற்கட்டு வெளியே தெரியக்கூடாது என்று வழியில் ஒரு திருப்பமும் வரைந்திருந்தது. அந்த மூலையில் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, “கொதிக்கிய சாம்பாரோட இதுல எப்பிடியாக்கும் திரும்பியது, மக்களே?” என்றார். அவர் முழங்கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது.

திருப்பம் போயிற்று. இப்போது நேர்வழி, ஐந்தரை அடி வாசல், நிலைப்படி கிடையாது. சுவர் எழும்பியபின் இது தெரிந்திருந்தால் வாசலுக்கு மேலே வரும் லிண்டலை உடைத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பிடி சுண்ணாம்போடு சரியாயிற்று.

அவர் அதோடு நிற்கவில்லை. பாத்திரம் கழுவ எங்கே இடம் என்று கேட்டார். வரைபடத்தில் கொல்லைப்புறக் குழாய் ஒன்றுதான் இருந்தது. ஐப்பசி மழையில், ராத்திரி பதினொரு மணிக்கு, வெளிச்சம் இல்லாத அந்த இடத்தில்தான் உருளிகளைத் தேய்த்திருப்பார்கள். இனி அது 10 அடிக்கு 8 அடி, மேலே கூரை, ஒரு விளக்கு, சுற்றிலும் 4 அங்குல வரம்பு, 3 அடி உயரத்தில் இரண்டு குழாய். தரை சொரசொரப்பான கருங்கல்; வழுவழுப்பான டைல்ஸ் எண்ணெய் பட்டால் ஆளைச் சாய்த்துவிடும். தண்ணீர் வடிய 80 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் வாட்டம். கழிவுநீர் முதலில் கம்பிவலையைத் தாண்டும், பிறகு எண்ணெய்த் தடுப்புத் தொட்டிக்குப் போகும். அவியலில் ஊற்றும் தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். மார்கழிக் குளிரில் குழாய்க்குள் சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து கட்டியாகிவிடும். அடைப்பு எடுக்கக் கம்பி விட வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வளைவிலும் ஒரு சேம்பர், அதாவது திறந்து பார்க்கும் குழி. எண்ணெய்த் தொட்டியை ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் வழித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை.

பந்திக் கணக்கும் அவர் வந்த பிறகுதான் நேரானது. ஓர் இலைக்கு 2 அடி. 54 அடி நீளத்தில் இரு முனையிலும் 3 அடி விட்டால் வரிசைக்கு 24 பேர். மேசை ஒன்றரை, நாற்காலி இரண்டரை, பரிமாறும் வழி மூன்றரை, ஆக வரிசைக்கு ஏழரை அடி. 30 அடி அகலத்தில் நான்கு வரிசை, ஒரு பந்திக்கு 96 பேர். பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையை, அந்த நீண்ட சாப்பாட்டுக் கூடத்தை, பார்த்தவர்களுக்கு இந்த நீளவாக்கு புரியும்: பரிமாறுகிறவர் நேராகப் போய் நேராக வரலாம். 96 பேரும் ஒரே நேரத்தில் எழுவார்கள் என்பதால் கைகழுவ 10 குழாய், அதில் இரண்டு பிள்ளைகள் உயரத்துக்கு.

மற்றவர்களுக்கும் நன்றி நிறைய இருக்கிறது. சளைக்காமல் மூன்றுமுறை வரைந்து தந்த பொறியாளருக்கு. கடற்காற்றுக்குக் கம்பி துருப்பிடித்து ஊதிச் சிமெண்டைத் தள்ளிவிடும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பு வேண்டும் என்று சொல்லி, கம்பிக்கடியில் ஜல்லித் துண்டு வைக்கவிடாமல் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டையே வைத்த கம்பிவேலைக்காரருக்கு. மேற்குக் காற்று புகையைக் கூடத்துக்குள் தள்ளாதபடி அடுப்பைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்ன ஆசாரிக்கு. சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு, மண் தந்தவர்களுக்கு, கட்டஞ்சாயா போட்டு ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர்களுக்கு.

அந்த அம்மா அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆட்டோ வாடகைகூட வாங்கிக்கொள்ளவில்லை. இந்த ஊரில் எத்தனையோ கல்யாணம் நடந்தது, எச்சில் இலை எடுத்தபின் கொல்லைப்புறத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அது நெஞ்சை உறுத்துகிறது.

ஆகவே எல்லாரும் அறிய ஒன்று சொல்லிவிடுகிறோம். பாத்திரம் கழுவுமிடத்துக்குக் கூரை ஏறி, விளக்கு எரியும்வரை, மணமேடைக்கு ஒரு டைல்ஸ்கூட ஒட்டமாட்டோம்.

இப்படிக்கு,
சமுதாயக்கூடக் கட்டுமானக் குழு