12 நாளில் 9 நாடுகள்: ஐரோப்பியப் பயணத் திட்டம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறைக்கு வெளிநாடு செல்ல எண்ணுவோருக்காக வெளியாகியிருந்த '12 நாளில் 9 நாடுகள்' என்ற ஐரோப்பியப் பயணத் திட்டத்தைப் படித்தேன். லண்டனில் இறங்கி, பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிச், இன்ஸ்புரூக், வெனிஸ், பீசா வழியாக ரோமில் முடியும் அந்தத் திட்டத்தில், எண்ணிக்கையை ஒன்பதாக்குவதற்கு வத்திக்கானையும் ஒரு நாடாகச் சேர்த்திருந்தார்கள். ரயில்வேயில் 34 ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியைக் கட்டுப்பாட்டு அறையிலும் நேர அட்டவணைப் பிரிவிலும் கழித்தவன் நான். எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாலும், வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது, தாமதம் ஏற்பட்டால் ஈடுகட்ட எங்கே இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று தேடுவது எனக்குப் பழகிப்போய்விட்டது. தங்கள் இணைப்பில் வந்த திட்டத்தில் இவை இரண்டையுமே காணவில்லை.

கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு நாட்களில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்குப் போய்விடுகின்றன. எஞ்சிய பத்து நாட்களில் பத்து ஊர்கள், அதாவது ஒன்பது இடமாற்றங்கள். அறையைக் காலி செய்து, பெட்டிகளைக் கட்டி, பயணம் செய்து, அடுத்த ஊரில் அறைக்குள் நுழைவதற்கு எவ்வளவு விரைந்தாலும் அரை நாளுக்குக் குறையாது என்பதால், இடமாற்றங்களுக்கே நான்கரை நாட்கள் செலவாகும். பத்து ஊர்களையும் பார்க்க மிஞ்சுவது ஐந்தரை நாள். ஆகவே, எத்தனை நாடுகள் என்று எண்ணுவதைவிட, எந்த ஊரில் எத்தனை இரவுகள் தங்குகிறோம் என்று எண்ணித்தான் இத்தகைய பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஊரில் இரண்டு இரவுகள் தங்கினால்தான் அங்கே ஒரு முழு நாள் கிடைக்கும்.

இதை நானும் பட்ட பிறகே கற்றுக்கொண்டேன். 2016-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு ஏறத்தாழ இதே வழித்தடத்தில் பேருந்தில் சென்றோம். வெனிஸ் என்று அச்சிடப்பட்டிருந்த விடுதி, கடலுக்கு இப்பால் நிலப்பகுதியிலுள்ள மெஸ்ட்ரேயில் இருந்தது. காலையில் ட்ரோன்கெட்டோ தீவில் பேருந்தை நிறுத்தி, படகில் புனித மார்க் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்து, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மீண்டும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். பாரிஸில் இரவு விளக்குகளைப் பார்க்கும் சுற்று ரத்தானது. ஓட்டுநரின் வேலை நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி ஓர் ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது (வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் 10 மணி நேரம் வரை செல்லலாம்). நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் நிறுத்த வேண்டும். கொலோனிலிருந்து சூரிச்சுக்குச் சாலை வழியே 550 கி.மீ.க்கு மேல் இருக்கையில், அன்று மாலை சூரிச்சில் 'நகர் சுற்றிப் பார்த்தல்' என்று அச்சிடுவது எப்படிச் சாத்தியம் என்பதை அட்டவணை தயாரித்தவர்தான் விளக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், நாங்களாகவே திட்டமிட்டு மறுபடியும் சென்றோம். உடன் என் மனைவியின் தமக்கையும் வந்தார். பாரிஸில் நான்கு இரவுகள், சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் மூன்று, இத்தாலியின் ஃபுளோரன்ஸில் மூன்று, ரோமில் நான்கு என மொத்தம் 14 இரவுகள். நாடுகள் மூன்றே மூன்று. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுத்தோம். போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக இருந்தால் கட்டணம் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வளைகுடா நாடுகள் வழியாகச் செல்லும் விமானங்களுக்கு முன்பதிவு இணையதளங்களில் இதை 'பல நகரங்கள்' (multi-city) என்ற பிரிவில் தேடினால், கட்டணம் பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டை ஒட்டியே அமைகிறது. மாறாக, இறங்கிய ஊருக்கே திரும்பி வர வேண்டுமென்றால், ரோமிலிருந்து பாரிஸுக்கு ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் வீணாகும்.

அட்டவணையில் 'மூன்று மணி நேரம்' என்று போட்டிருக்கும் ரயில் பயணம் உண்மையில் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்பதைக் குறித்தே வைத்தேன். பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து சுவிஸ் எல்லையிலுள்ள பாசெலுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கே வண்டி மாறினால் லூசெர்னுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் காலை எட்டரை மணிக்கு நாங்கள் பாரிஸ் அறையின் சாவியைக் கொடுத்ததற்கும், லூசெர்னில் அடுத்த அறையின் சாவியை வாங்கியதற்கும் இடையே ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. விமானத்தில் போனால் மிச்சமாகும் என்றும் சொல்ல முடியாது. மலிவு விலை விமானங்கள் சில இறங்கும் போவே (Beauvais) விமான நிலையம் பாரிஸ் நகரிலிருந்து 80 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. பேருந்துக் கட்டணத்தையும், பெட்டிக்குத் தனியாக வாங்கும் கட்டணத்தையும் சேர்த்தால் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

தாமதத்தை ஈடுகட்ட விடும் நேரத்தை எங்கள் துறையில் 'ரெக்கவரி டைம்' என்போம். அதன் அருமை லூசெர்னிலிருந்து ஃபுளோரன்ஸ் சென்ற நாளில் விளங்கியது. 2016-இல் திறக்கப்பட்ட, சுவிஸ் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் செல்லும் 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கப்பாதையில் 2023 ஆகஸ்ட் 10 அன்று சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. சேதமடைந்த தண்டவாளத்தைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு மாற்றி, 2024 செப்டம்பரில்தான் முழுப் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். நாங்கள் சென்ற மே மாதத்தில் எங்கள் வண்டி பழைய மலைப்பாதை வழியே சென்றதால் மிலானை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால் மிலானில் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டிருந்தேன். அந்தப் பழைய பாதையில் வாசென் என்ற சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் நம் தலைக்கு மேலே தெரிகிறது, பிறகு நமக்கு நேரே, அப்புறம் காலுக்குக் கீழே. வண்டி மலைக்குள் சுழன்று சுழன்று ஏறுவதால் ஒரே கோயிலை மூன்று முறை பார்க்கிறோம். என் மனைவியின் தமக்கை மூன்றும் வெவ்வேறு கோயில்கள் என்றே கடைசி வரை வாதிட்டார்.

அடுத்ததாக, வாராந்திர விடுமுறைகள். தங்கள் இணைப்பில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. ஃபுளோரன்ஸின் உஃபிட்சி காட்சியகத்துக்கும், மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்கதேமியாவுக்கும் அதே திங்கள்தான். வத்திக்கான் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. புதன்கிழமை காலையில் புனித பேதுரு சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடைபெறும்போது பேராலயத்துக்குள் செல்லக் காத்திருக்க வேண்டும். நான் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் நான்கு ஊர்களையும் ஏழு கிழமைகளையும் கட்டம் போட்டு, மூடும் நாட்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை பாரிஸில் இறங்கினால் திங்களன்று அங்கிருந்து கிளம்பிவிடலாம், ஃபுளோரன்ஸில் வெள்ளியும் சனியும் கிடைக்கும், ஞாயிறு ரோமுக்குப் பயணம், திங்களும் செவ்வாயும் வத்திக்கானுக்குத் தோதாக அமையும். அதன் பிறகே விமான டிக்கெட் வாங்கினோம். பலர் மலிவாகக் கிடைத்த தேதியில் டிக்கெட்டை வாங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை லூவ்ர் வாசலில் கண்ணாடிப் பிரமிடு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 2016-இல் நாங்களும் அவ்வாறே திரும்பினோம்.

விசா விஷயத்தில் தங்கள் இணைப்பு வாசகர்களைத் தவறாகவே வழிநடத்துகிறது. 'ஒரே விசாவில் ஒன்பது நாடுகள்' என்று அதில் அச்சாகியிருக்கிறது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லை. லண்டனைச் சேர்த்தால் அந்நாட்டுக்குத் தனி விசாவும் தனிக் கட்டணமும் உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, நாணயம் மட்டும் பிராங்க். மேலும், இறங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு என்பதும்தான் விதி. நாங்கள் பாரிஸில் இறங்கினாலும் இத்தாலியில் ஏழு இரவுகள் என்பதால் இத்தாலியிடம்தான் விண்ணப்பித்தோம். 2024 ஜூன் முதல் வயதுவந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றிருக்க, கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே அரிது என்பதை அறிந்தும் ஏப்ரலில் ஓடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

ரயில் பாஸைப் பற்றியும் ஒரு சொல். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்குப் பொதுவான யூரெயில் பாஸை வாங்கிவிட்டால் எந்த வண்டியிலும் ஏறி உட்காரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரான்ஸிலும் இத்தாலியிலும் அதிவேக வண்டிகளுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். எங்களைப் போல மூன்று நெடும்பயணங்கள் மட்டும் செய்கிறவர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்குவதே சிக்கனம். சுவிட்சர்லாந்தில் மட்டும் மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினோம். அதில் ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அடக்கம். லூசெர்ன் அருகிலுள்ள ரீகி மலைக்கும் தனிக் கட்டணம் இல்லை. 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் பாஸில் சலுகை மட்டுமே உண்டு. மேகம் மூடிவிட்டால் அந்தப் பணத்துக்கு மேலே வெள்ளைச் சுவர்தான் தெரியும் என்பதால் நாங்கள் அதை விட்டுவிட்டோம். விட்ஸ்னாவ் கரையிலிருந்து ரீகிக்கு ஏறும் பல்சக்கர ரயில் 1871-இல் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுவே. நம் நீலகிரி மலை ரயிலின் பல்தண்டவாள முறையும், பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை என்பதை வாசகர்களில் ரயில்வேக்காரர்கள் அறிவார்கள். பணியில் இருந்த காலத்தில் குன்னூரில் கேட்ட அதே பல்லும் பல்லும் கடிக்கும் ஓசையை அங்கே கேட்டதற்காகவே அந்தப் பயணம் தகும்.

எங்கள் மூவருக்கும் அறுபதைக் கடந்துவிட்டது. பெட்டிகளை நாமேதான் தூக்க வேண்டும், கூலி போர்ட்டர் கிடைக்கமாட்டார். இடை நிலையங்களில் வண்டி இரண்டு மூன்று நிமிடங்களே நிற்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் ஒரு கையால் தூக்கக்கூடியது என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். விடுதிகளை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் எடுத்தோம். சற்று விலை கூடுதல்தான். ஊருக்கு வெளியே மலிவாக எடுத்து டாக்சிக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

ஆம்ஸ்டர்டாமை விட்டதில் மட்டும் என் மனைவிக்கு இன்றளவும் வருத்தம். துலிப் தோட்டம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் கோய்கன்ஹோஃப் தோட்டம் ஆண்டுதோறும் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை, ஏறத்தாழ எட்டு வாரங்கள்தான் திறந்திருக்கும். எங்கள் பயணமோ அதற்குப் பிறகு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தங்கள் திட்டம் பள்ளி விடுமுறையை ஒட்டி மே கடைசி வாரத்தில் புறப்படுகிறது. அதன் ஐந்தாம் நாளில் 'கோய்கன்ஹோஃப் துலிப் தோட்டத்தில் அரை நாள்' என்று இருக்கிறது. அந்த நாளில் தோட்டத்தின் கதவு பூட்டியிருக்கும். இதையும், 'ஒரே விசா' என்ற வரியையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய திட்டங்களை வெளியிடும்போது ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இரவுகளின் எண்ணிக்கையையும், அறைக்கு அறை பிடிக்கும் பயண நேரத்தையும், மூடும் கிழமையையும் மூன்று பத்திகளாக அச்சிட்டால் போதும், மீதியை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.