இங்கேயும் ஒரு கருவை இருக்கிறது

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? கடலோர நிலத்தில் சீமைக்கருவையை அழிக்க ஜேசிபி பேசியிருப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதைப் பற்றி விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே பிரிட்டனில், வேல்ஸின் மேற்குப் பக்கம் மலைச்சரிவில் ஓக் மரக்காடு. அங்கேதான் எங்கள் வேலை. ஓயாத மழை, அடிமரத்திலிருந்து கிளை நுனிவரை பச்சைப்பாசி. இவ்வளவு ஈரமான காட்டை அழிக்க வந்திருப்பது ரோடோடென்ட்ரான் என்ற புதர். 1763-ல் அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு வந்தார்களாம். பிறகு ஜமீன்தார் மாதிரியானவர்கள், வேட்டைப் பறவை பதுங்கட்டும் என்று காடுகளிலும் நட்டுவிட்டார்கள். மே, ஜூனில் மலை முழுக்க ஊதாப்பூ; பார்க்க வருகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். புதருக்கு அடியில் குனிந்து பார்த்தால் வயிறு எரியும், அண்ணே. இலை உதிர்வதே இல்லை, கீழே ஒரே இருட்டு. புல் இல்லை, பூண்டு இல்லை, ஓக் கன்று ஒன்றுகூட இல்லை. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு எழும்பி வர எதுவுமே இருக்காது. இலையில் விஷம், அதனால் ஆடும் தின்னாது. விதை மூக்குப்பொடி மாதிரி காற்றில் பறக்கும். கிளை மண்ணில் பட்டால் அங்கேயும் வேர்விடும்.

மார்ச்சிலிருந்து பறவைகள் கூடு கட்டும். அதனால் குளிர்காலத்தில்தான் வெட்டு. வெட்டி அப்படியே விட்டால் தூரிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். வெட்டின கையோடு தூரில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்து பூச வேண்டும். பூசினது எது, பூசாதது எது என்று தெரிய அதில் சாயம் கலந்திருப்போம். மழை வந்தால் மருந்து கழுவிப் போகும், வேலை நிற்கும். சில இடங்களில் வெட்டாமலே தண்டில் துளை போட்டு மருந்தை ஊற்றுவோம், நின்றபடியே பட்டுப்போகும். அடுத்தடுத்த வருஷங்களில் அதே சரிவுக்குப் போய் முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்குகிறோம். இந்த வேலையை விட்டால் முன்னால் வெட்டினது வீண்.

1877-ல் நம் நாட்டுக்கு வந்த கருவைக்கும் இதே குணம்தான். 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டதும் ஊர் ஊராக ஜேசிபி ஓடியதே. நம் கண்மாய்க்கரையில் மேலோடு வெட்டிவிட்டுப் போன இடமெல்லாம் அடுத்த மழைக்கே தழைத்து நின்றது. கருவையின் துளிர் மொட்டு மண்ணுக்குக் கொஞ்சம் கீழே, தூரில் இருக்கிறது. அதற்கும் கீழே தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடினாலும் பரவாயில்லை, நான் அனுப்புகிறேன். எடுத்ததைத் தீ வைத்து விடாமல் சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கேளுங்கள். தூரும் நல்ல கரியாகும். எத்தனையோ குடும்பம் அந்தக் கரியில்தான் சாப்பிடுகிறது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். சுத்தம் செய்த நிலத்தில், கருவைக்காய் தின்ற ஆட்டைக் கிடை போடவே வேண்டாம். புழுக்கையோடு விதையும் விழும், எல்லாம் முளைக்கும்.

மொத்த நிலத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். கச்சான் காற்றில் மணல் பறந்து பக்கத்துத் தோட்டத்தை மூடிவிடும். ஒரு பட்டையாக எடுத்து, அதில் கன்று ஊன்றி, பிழைத்த பிறகு அடுத்த பட்டைக்குப் போங்கள். கடல் பக்கத்து வரப்பில் பனங்கொட்டை போடுங்கள். உள்ளே நம் பழைய உடைமரம், வேம்பு, பூவரசு. மழைக்காலத்துக்கு முன்பே குழி எடுத்து வைத்துவிட்டால் நல்லது. நடுகிற காசைத் தனியாக ஒதுக்குங்கள், ஜேசிபி வாடகையில் அது கரைந்துவிடக் கூடாது.

கடலிலும் இதே கதைதான், கடல்பாசி எடுக்கப் போகிற சின்னம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வளர்க்கக் கொண்டு வந்த கப்பாபைகஸ் என்ற கடல்பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்ததை 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். அதையும் ஒரு துண்டு விட்டாலே திரும்ப வளரும்.

நிலத்தின் தெற்கு மூலையில் இப்போதும் உப்புப் பூக்கிறதா? பூத்தால் அங்கே வேம்பு வேண்டாம், உப்பைத் தாங்கும் உகா மரம் வைக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி