தேனில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள், பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை என் மனைவி வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அவளுக்குப் 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நல்லதுதானே என்று தினமும் காலையில் 2 மேசைக்கரண்டி தேன் சாப்பிட ஆரம்பித்தாள். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 7.1-லிருந்து 8.4-க்கு ஏறிவிட்டது. மருத்துவர் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்; கடைசியில் தேனில் வந்து நின்றது.

கட்டுரையில் சொன்னது பொய்யில்லை. நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். குவெர்செடின், கெம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகளும் காஃபிக் அமிலம் போன்ற ஃபீனாலிக் அமிலங்களும் என ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தேனில் உண்டு. பூக்களிலிருந்து வருபவை என்பதால் பூவுக்குப் பூ அளவு மாறும். எங்கள் வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றில் மறுபக்கம் விரல் தெரியும், மற்றதில் தெரியாது. பொதுவாக அந்தக் கறுத்த தேனில்தான் இந்தப் பொருள்கள் அதிகம்.

ஆனால் எவ்வளவு? பெரும்பாலான தேனில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராமுக்குள்தான். அப்படியென்றால் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது ஏறக்குறைய 21 கிராம் தேனில், சில மில்லிகிராம். அதே கரண்டியில் சர்க்கரை 17 கிராம்! கட்டுரையில் முதல் கணக்கும் இல்லை, இரண்டாவதும் இல்லை. சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்திலும் அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. அதுவும் எழுதப்படவில்லை.

தேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சளி இருமலுக்குத் தேன் இதம் தருகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் துளிகூடக் கொடுக்கக்கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். கட்டுரையில் 'குழந்தை முதல் முதியவர் வரை' என்ற வரியைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. அதற்கு மட்டுமாவது ஒரு திருத்தம் உடனே போடுங்கள்.

கட்டுரை இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையால் '1 கரண்டி = 17 கிராம் சர்க்கரை' என்று அவளே எழுதிவைத்திருக்கிறாள். அடுத்த முறை அந்த வரியை நீங்களே அச்சில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்