கண்டிக்குப் போகாத பிள்ளையின் கண்டிக் கட்டுரை

யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புத் தொடக்கம் ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் அம்மா அப்பாமாருக்கும், அவர்கள் இடத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, சித்தி, பெரியம்மாமாருக்கும்,

வணக்கம்.

நான் இந்த நாலு வகுப்புகளுக்கும் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை. பெற்றோர் கூட்டத்தில் உங்களில் ஒருவரோடு கதைக்க எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதுவும் புள்ளியோடேயே முடிந்துவிடும். "போன தவணை எழுபத்தெட்டு, இந்தத் தவணை எழுபத்தொண்டு. ஏன் மிஸ் இறங்கினது?" நான் ஏதோ சமாதானம் சொல்வேன். பின்னால் அடுத்த அம்மா நிற்பார். இந்த வருடம் முடிய உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் இருத்திவைத்துச் சொன்னதில்லை. அதை ஆறுதலாகச் சொல்லவே எழுதுகிறேன்.

போன வருடம் ஏழாம் வகுப்புக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, நீங்கள் போய்வந்த ஒரு பயணம். 36 கொப்பிகள் மேசைக்கு வந்தன. அவற்றில் 29 பேர் காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறி, பாட்டுப் பாடி, பேராதனைப் பூங்காவைப் பார்த்து, தலதா மாளிகைக்குப் போய், இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்து சேர்ந்திருந்தார்கள். வசனத்துக்கு வசனம் ஒன்றுதான். காற்புள்ளிகூட ஒரே இடத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுக் கண்டியை முழுக்கப் பார்த்து எட்டு மணிக்குத் திரும்ப முடியுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ரியூட்டரியில், அதாவது ரியூசன் வகுப்பில், தந்த கட்டுரை. பாடமாக்கினார்கள், இறக்கினார்கள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. புள்ளித் திட்டப்படி பார்த்தால் எல்லோருக்கும் நல்ல புள்ளி போடவேண்டும்.

ஒரு கொப்பியில் மட்டும் மூன்று வரிதான் இருந்தது. நெடுந்தீவுப் பொடியன். ரவுணில் உறவினர் வீட்டில் நின்று படிக்கிறவன், வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போவான். அவன் எழுதியிருந்தது இதுதான்: "ஃபிரைடே போற் நோ கம். சீ பிக். ஐ ஸ்லீப் சித்தி ஹவுஸ்."

வெள்ளிக்கிழமை குறிகட்டுவான் துறைக்குப் போயிருக்கிறான். கடல் கடுமையாக இருந்ததால் படகு ஓடவில்லை. புங்குடுதீவில் சித்தி வீட்டில் படுத்திருக்கிறான். அவ்வளவும் அந்த மூன்று வரிக்குள் இருந்தது. அன்றைக்கு என் மேசையில் இருந்த 36 கொப்பிகளில் பயணம் போன பிள்ளை அவன் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது.

அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். "கடல் பெரிது" என்று தமிழில் சொன்னால் வசனம் நிறைந்துவிடுகிறது, வினைச்சொல் தேவையில்லை. ஆங்கிலம் அப்படி விடாது, நடுவில் ஒரு "இஸ்" கேட்கும். நடந்து முடிந்த கதையென்றால் "வொஸ்" கேட்கும். "சீ பிக்" என்று அவன் எழுதியது விளங்காமல் எழுதியதல்ல. தமிழ் வசனத்தின் எலும்புக்கூட்டின் மேல் ஆங்கிலச் சொல்லைப் போர்த்தியிருக்கிறான். எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகளில் பாதி இப்படித்தான் வருகிறது. ஆங்கிலத்தின் "த" (the) என்பதற்கு இணையாகத் தமிழில் ஒரு சொல் இல்லை, அதனால் அதை விட்டுவிடுவார்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும், ஆங்கிலத்தில் அது முன்னால் தனிச்சொல்லாக வந்து நிற்கும். "வீட்டில்" என்பதிலுள்ள "இல்" எங்கே போனது என்று காட்டிக்கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அந்த இடத்திலேயே பிடிபடும். இப்படிக் காட்டுவதற்குப் பிள்ளை தானாக எழுதிய வசனம் ஒன்று எனக்கு வேண்டும். கண்டிக் கட்டுரையில் காட்ட ஒன்றுமில்லை.

திருத்தி எழுதிக்கொண்டு இருக்கும்போது அவன் நிறுத்தினான். "மிஸ், கடல் பெருசு எண்டில்லை. அடிச்சுக் கொந்தளிச்சுக்கொண்டு நிண்டது. அதுக்கு என்ன சொல்லு?" "ரஃப்" என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "ரஃப் கொப்பியிலை வாற ரஃப்போ மிஸ்?" ஓம், அதே சொல்தான். அந்தச் சொல்லை அவன் இனி மறக்கமாட்டான்.

இப்போது எதிர்பார்ப்புகளுக்கு வருகிறேன்.

உங்கள் பிள்ளை முதல் இரண்டு வகுப்பிலும் ஆங்கிலத்தைப் பேச்சாகக் கேட்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து பாடமாகவே படித்து வந்திருக்கிறது. நடுவில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வந்து, வீட்டிலும் வகுப்பிலும் ஆங்கிலம் ஓரமாகிவிடும். அதனால் ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் ஒரே படியில் நிற்பதில்லை. சிலர் கதைப்புத்தகம் வாசிப்பார்கள், சிலருக்கு எழுத்தைக் கூட்டி ஒரு சொல்லை வாசிப்பதே பாடு. ஆறாம் வகுப்பில் நான் கேட்பது ஒன்றுதான். முன்பின் பார்த்திராத சின்னப் பந்தி ஒன்றை நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்க வேண்டும். கருத்து முழுக்க விளங்காவிட்டாலும் காரியமில்லை. சத்தம் வெளியே வரவேண்டும்.

ஏழாம் வகுப்பு எனக்கு முக்கியமான வகுப்பு. நேற்று நடந்த ஒன்றை ஐந்தாறு வசனத்தில் சொல்லவும் எழுதவும் வரவேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தது, நல்லூர்த் திருவிழாவில் தங்கச்சி கையை விட்டுவிட்டுப் போனது, மழைக்கு ஒழுங்கை முழுக்க வெள்ளம் நின்றது, எதுவென்றாலும் சரி. இறந்தகாலம் இந்த வருடத்தில் கைக்குள் வரவேண்டும். வாய்பாடு மாதிரி ஒப்பித்து அது வராது, தன் கதையைச் சொல்லித்தான் வரும். பிழை வரும். பிழை வரட்டும்.

எட்டாம் வகுப்பில் வாசிப்புக் கூடும், அதைப்பற்றி இங்கே விரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பிள்ளை அகராதியைத் தானே விரித்து, ஒரு சொல்லுக்கு நாலு பொருள் போட்டிருந்தால் அந்த இடத்துக்குப் பொருந்துவது எது என்று எடுக்க வேண்டும். ஒரு படிவத்தை ஆளின் உதவியில்லாமல் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் வந்த ஒரு அறிவித்தலை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அந்த மொழியில் உள்ளதை இந்த மொழிக்குக் கொண்டுவரத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு மொழியும் இருக்கிறது.

உங்களில் வயது போனவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வீர்கள்: "அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து இங்கிலிஸ் இப்ப இல்லை." அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். வட்டுக்கோட்டை செமினறி என்ற மிஷனரிக் கல்லூரி 1823இல் தொடங்கியது. அடுத்த வருடம் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியானது. வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு அவர் செய்த பெரிய வேலை, கலித்தொகையையும் தொல்காப்பியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது. வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தார். நீங்கள் பெருமையாகச் சொல்கிற அந்த ஆங்கிலம் தமிழுக்குப் பக்கத்தில் இருந்தே வளர்ந்தது. ஆனால் அன்றைக்கு அது எட்டியது கொஞ்சப்பேருக்கு. இலவசக் கல்வி 1945இல் வந்த பிறகுதான் மேசன் வேலை செய்கிறவரின் பிள்ளையும், குருநகரில் வலை இழுக்கிறவரின் பிள்ளையும் அதே வாங்கில் வந்து இருந்தது. அந்தப் பிள்ளைக்குத்தான் நான் படிப்பிக்கிறேன்.

"எனக்கு இங்கிலிஸ் தெரியாது மிஸ், நான் என்னெண்டு சொல்லிக்குடுக்கிறது" என்று அம்மாமார் சொல்லும்போது எனக்கு மனம் கஷ்டப்படும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருக்கும்போது பிள்ளையை வாசற்படியில் இருத்தி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் தமிழில் கேளுங்கள்: "என்னவாம் சொல்லுது?" பிள்ளை தமிழில் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். வாசித்தது விளங்கியதா இல்லையா என்று அந்தப் பதிலில் உங்களுக்கே தெரிந்துவிடும். பஸ் ஸ்ராண்டில் நிற்கும்போது பஸ்ஸின் நெற்றியிலுள்ள ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், தமிழ்ப் பெயர் பக்கத்திலேயே இருக்கும். பால்மாப் பெட்டியும் அப்படித்தான், மூன்று மொழியும் ஒரே அட்டையில்.

உச்சரிப்பைப் பற்றி வீணாகக் கவலைப்படாதீர்கள். ரீச்சர், ரிக்கெற், பற்றறி என்று நாங்கள் எழுதுவதைப் பார்த்து வெளியூரார் வியப்பார்கள். ஆங்கிலத்தின் அந்த "T" சத்தம் நுனிநாக்குப் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பட்டு வருவது. எங்கள் ஊர்ப் பேச்சில் "காற்று", "சோற்று" என்று சொல்லும்போது நாக்குப் போகும் இடமும் அதுதான். எங்கள் காது அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. வாயைத் திறக்கப் பயப்படுவதுதான் எனக்குக் கவலை. அந்தப் பயத்துக்கு ஆங்கிலம் காரணமில்லை. பிழை விட்டவுடன் சிரித்தவர்கள்தான் காரணம். வீட்டில் அண்ணனோ அக்காவோ சிரித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ரியூசனுக்கு விடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்களும் படிப்பிக்கத் தெரிந்தவர்கள்தான். நீங்கள் கட்டுரை கேட்கிறீர்கள், அவர்கள் கட்டுரை தருகிறார்கள். அடுத்தமுறை அந்த ரியூசன் ஆசிரியரிடம், "பிள்ளையைத் தானாக நாலு வசனம் எழுதவிட்டுத் திருத்துங்கோ" என்று கேட்டுப் பாருங்கள்.

என்னிடமும் பிழை இருக்கிறது. படிப்பிக்க வந்த முதல் வருடங்களில், ஒரு பக்கத்தில் கண்ட பிழை எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். அதுதான் கடமை என்று நினைத்தேன். ஒரு பிள்ளை தன் ஆட்டுக்குட்டி செத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தாள். இருபதுக்கு மேல் வெட்டினேன். அதன் பிறகு அவள் எழுதித் தந்தது எல்லாம் ரியூசன் கட்டுரை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. இப்போது ஒரு கொப்பியில் மூன்று பிழைக்கு மேல் திருத்துவதில்லை. மற்றவற்றை விட்டுவைக்கிறேன், அடுத்த கிழமைக்கு. கொப்பியில் திருத்தாமல் விட்ட பிழையைக் கண்டால், மிஸ் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

பாடமாக்கிய கட்டுரைக்கு இந்தத் தவணையிலிருந்து என் வகுப்பில் புள்ளி குறைப்பேன். தானாக எழுதிய நாலு வசனத்துக்குக் கூட்டிப் போடுவேன். அதனால் சில பிள்ளைகளின் புள்ளி இறங்கும். எழுபத்தெட்டு ஐம்பத்தைந்தாக வரக்கூடும். அதற்குப் பிள்ளைக்கு ஏச வேண்டாம், அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்டுவிட்டு வர வேண்டாம். என்னிடம் வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது புள்ளி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையின் எழுத்துக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். தை மாதம் எழுதிய பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் பிள்ளையே உங்களுக்கு வாசித்துக் காட்டி, தமிழில் சொல்லட்டும். மூன்று நிமிடம் அதற்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் ஆங்கில ஆசிரியை,
யாழ்ப்பாணம்